ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணுமில்லை

பாத்து, பாத்து தம்பி! செவுத்தைப் பிடிச்சுக்கங்க. வழுக்கிருச்சா? எல்லாருக்கும் அந்தப் படியிலதான் வழுக்கும். நான் மேல இருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சொல்லலாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள உங்க காலு போயிருச்சு. அடி ஒண்ணும் படலையே? பையை விடாமப் பிடிச்சுக்கிட்டீங்க, கெட்டிக்காரர்தான். மழைக்காலத்துல பால்காரர் கேனோட உருண்டாரு. அதுலேர்ந்து மேல வர்றதில்லை. கீழயே நின்னு மணி அடிப்பாரு, நான் கயித்துல தூக்குவாளியை இறக்குவேன். காய்க்காரம்மாவும் அப்படித்தான். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை.

உக்காருங்க. ஃபேன் போடுறேன்.

ஃப்ரிட்ஜ் ரிப்பேரா? நான் யாரையும் வரச் சொல்லலையே. யாரு போன் பண்ணுனா? பொண்ணு குரலா? சின்னப் பொண்ணு மாதிரியா? இந்த வீட்டுல ஏது சின்னப் பொண்ணு. அது கீழ இருக்கிறவதான். என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். ஜெகதாம்பாள்னு பேரு. போனைக் கையில எடுத்தா அவளுக்குக் குரல் தேனா ஒழுகும். உங்களை ஏமாத்திட்டா. "மாடியில ஃப்ரிட்ஜ் ஒழுகுது, கொஞ்சம் போயிப் பாருங்க"ன்னு சொன்னாளாக்கும்? என்கிட்ட சொல்ல வாய் வரலை, உங்ககிட்ட சொல்ல மட்டும் வந்துருச்சு.

சரி, வந்தது வந்துட்டீங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க. அதைத் தொடாதீங்க. தொடாதீங்கன்னா தொடாதீங்க தம்பி, அந்த ஸ்க்ரூட்ரைவரைப் பைக்குள்ள வைங்க. அவ அனுப்பி நீங்க வந்து சரி பண்ணிட்டுப் போனா நாளைக்கு என்ன சொல்லுவா தெரியுமா? "பாவம், ஒத்தையில கிடக்கிறா, நான்தான் ஆள் விட்டுச் சரி பண்ணிக் குடுத்தேன்"னு இந்தத் திண்டுக்கல் முழுக்கச் சொல்லுவா. அந்த நல்ல பேரை அவளுக்கு நான் குடுப்பேனா?

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணுமில்லை.

பின்னாடி என்ன எட்டிப் பாக்குறீங்க? தட்டைத் தேடுறீங்களா? தண்ணி விழுற தட்டு? அது அங்க இருக்காது. மொட்டை மாடியில இருக்கு. அதுல மோர்மிளகாய் காயுது. ஏன் சிரிக்கிறீங்க? நல்ல அகலமான தட்டு, மிளகாய்க்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. கதவு ரப்பரு போயிருச்சு, அது நெசம்தான். ரப்பரு போனா ஐஸ் மலையாக் கட்டும். கட்டட்டும்னு விட்டுருவேன். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் உள்ள அந்தத் திருகுக்கு நடுவுல ஒரு பொத்தான் இருக்குல்ல, ஐஸ் உருக்குற பொத்தான், அதை ஒரு அமுக்கு அமுக்குவேன். கதவையும் லேசாத் திறந்து வெச்சிருவேன். அது பாட்டுக்கு உருகி, சமையக்கட்டு வாசலைத் தாண்டி, படி படியா இறங்கி, விடியறப்ப கீழ வாசலுக்குப் போயிச் சேந்துரும். கீழ வாசல்ல என்ன இருக்கும்? ஜெகதாம்பாள் கோலம் இருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, சில நாள் தண்ணி பத்தாது. ஒரு சொம்பு நானும் சேத்து ஊத்துவேன்.

என்னை ஒரு மாதிரிப் பாக்குறீங்க. பொம்பளைக்கு இவ்வளவு ஆங்காரமான்னு நினைக்கிறீங்க. நினைங்க. எனக்கு அவ என்ன பண்ணுனான்னு கேட்டா நீங்களே என் பக்கத்துல நின்னு ஒரு சொம்பு ஊத்துவீங்க. சக்கரை போதுமா?

நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவங்க. முதல்ல எல்லாரும் கீழதான் இருந்தோம், ஒரே அடுப்பு. இந்த ஃப்ரிட்ஜ் எங்க வீட்டுக்காரர் வாங்கினது. அப்ப இந்தத் தெருவுலயே ஃப்ரிட்ஜ் கிடையாது. ஆயுத பூஜைக்கு இதுக்குத்தான் முதல் சந்தனம், முதல் குங்குமம். பக்கத்து வீட்டுக்காரங்க பூவைக் கொண்டாந்து வெப்பாங்க, மாவைக் கொண்டாந்து வெப்பாங்க. நான் யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்லை.

அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க. பார்த்திபன், இளவரசி. எனக்கு இல்லை. அதை விடுங்க, அது இப்பப் பேச்சில்லை. இளவரசி பிறந்ததுலேர்ந்து என் இடுப்புலதான் கிடப்பா. மூத்தவளுக்குச் சமையக்கட்டு, எனக்கு இளா. சித்திரை வெயில்ல இந்தக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு இதுக்கு முன்னாடி சப்பணம் போட்டு உக்காந்துக்குவா. "ஐஸ் குடு சித்தி, ஐஸ் குடு சித்தி." குடுக்கலைன்னா கரண்டியால சுரண்டுவா. சளி பிடிக்கும்டின்னு ஜெகதா கத்துவா. நான் முந்தானைக்குள்ள மறைச்சு ஒரு துண்டு குடுத்துருவேன். தெருவுல என்னை எல்லாருக்கும் தனபாக்கியம்னா தெரியாது. ஐஸ் சித்தின்னாத்தான் தெரியும். இந்தக் கதவுல ஸ்ட்ராபெரி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க, பாதி கிழிஞ்சு போயி? அது அவ ஒட்டினது. துடைக்கிறப்ப அதை மட்டும் விட்டுத் துடைப்பேன்.

ஃப்ரீசருக்குள்ள கையை விடாதீங்க தம்பி! அந்த ஐஸ் தட்டு அப்படியே இருக்கட்டும். எனக்கெதுக்கா? எனக்கு ஐஸ் ஆகாது, பீனிசம் இருக்கு, மூக்கு அடைச்சுக்கும். சும்மா ஊத்தி வெப்பேன், உருக்குறப்ப அதை மட்டும் கோணியில சுத்தி வெச்சிருவேன். ஃப்ரீசர்னு ஒண்ணு இருந்தா அதுல ஐஸ் இருக்கணும்ல. அவ்வளவுதான்.

அப்புறம் பாகம் பிரிச்சோம். மூத்தவங்களுக்குக் கீழ, எங்களுக்கு மாடி. ஃப்ரிட்ஜை நாலு பேரு கயித்தைக் கட்டி இந்தப் படியிலதான் ஏத்துனாங்க. அப்பவும் சண்டை ஒண்ணுமில்லை. நம்பினா நம்புங்க, அவ குழம்பு வெச்சா ஒரு கிண்ணம் மேல வரும், நான் ஏதாவது செஞ்சா கீழ போகும். எங்க வீட்டுக்காரர் போனப்பக்கூட ஜெகதாதான் பதினாறாம் நாள் வரைக்கும் என் பக்கத்துல படுத்துக் கிடந்தா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்படிக் கிடந்தவதான் எனக்கு இதைப் பண்ணுனா, அதுதான் வயித்தெரிச்சல்.

போன ஆவணியில இளாவுக்குக் கல்யாணம் வெச்சாங்க. பத்திரிகை அடிச்சு வந்தாச்சு. வெள்ளித் தட்டு, குங்குமச் சிமிழு, சந்தனக் கிண்ணம் எல்லாம் எடுத்துக்கிட்டு ஜெகதாவும் அவ வீட்டுக்காரரும் ஊர் ஊராப் போறாங்க. வத்தலக்குண்டு போனாங்க, ஒட்டன்சத்திரம் போனாங்க. ரேஷன் கடைக்காரர் வீட்டுக்குக்கூடத் தட்டோட போயிட்டு வந்தாங்க. நான் மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். இன்னிக்கு நமக்கு வெப்பா, நாளைக்கு நமக்கு வெப்பான்னு தினம் குளிச்சு நல்ல சேலையா கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். வீடெல்லாம் துடைச்சு, ரெண்டு பேரும் உக்காரப் பாய் விரிச்சு, குடிக்க டம்ளர் எடுத்து வெச்சு.

ஒருநாள் பார்த்திபன் வந்தான். கையில பத்திரிகை. நான் அடுப்புல தாளிச்சுக்கிட்டு இருந்தேன். "சித்தி, அம்மா குடுக்கச் சொன்னாங்க"ன்னு சொல்லிட்டு இந்த ஃப்ரிட்ஜ் மேல வெச்சான். இதோ இங்க, இந்த ஸ்டெபிலைசர் பக்கத்துல. கரண்டு பில்லை வெக்கிற இடத்துல. "அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியலை சித்தி, தப்பா நினைக்காதீங்க"ன்னான்.

தப்பா நினைக்காம என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க. வத்தலக்குண்டுக்குப் போனப்ப வலிக்காத முட்டி, ஒட்டன்சத்திரம் போனப்ப வலிக்காத முட்டி, என் வீட்டுப் படியைப் பாத்ததும் வலிக்குதாம். காருல போனாங்க, சரி. எல்லாம் தரைவீடு, சரி. அதுக்காக? நான் சொல்றேன் காரணத்தை. புருசன் இல்லாதவ முன்னாடி குங்குமத் தட்டை நீட்டுறதான்னு யோசிச்சிருக்கா. நீட்ட வேண்டாமே! குங்குமம் எடுத்துக்கத்தான் எனக்கு வழியில்லை, வெறும் வாயால "தனம், நம்ம இளாவுக்குக் கல்யாணம், வா"ன்னு சொல்றதுக்கு என்ன கேடு? அந்தப் பொண்ணுக்கு முதல் சோறு ஊட்டுனவ நான். எனக்குப் பத்திரிகை ஃப்ரிட்ஜ் மேல.

அன்னிக்கே சொல்லிட்டேன் பார்த்திகிட்ட. "உங்கம்மா இந்தப் படி ஏறி வந்து வாயைத் திறந்து என்னைக் கூப்பிடுற வரைக்கும் நான் இந்தப் படி இறங்க மாட்டேன்"னு. இறங்கலையே! கல்யாணத்துக்கு இறங்கலை. தீபாவளிக்கு இறங்கலை. கோயிலுக்கு இறங்கலை. எங்க அண்ணன் பேரனுக்கு மொட்டை போட்டாங்க, அதுக்கும் போகலை. நான் சொன்னா சொன்னதுதான் தம்பி.

இளா வந்தா. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், மருதாணிக் கையோட. கதவைத் தட்டினா. "சித்தி, நீ வரலைன்னா எனக்கு யாரு சித்தி தலை பின்னுவா? கதவைத் திற சித்தி"ன்னு அழுதா. நான் உள்ள இந்த ஃப்ரிட்ஜுல சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தேன். திறக்கலை. ஏன்னா எனக்குத் தெரியும், அது ஜெகதா பண்ணுற வேலை. பிள்ளையை அனுப்பினா சித்தி உருகிருவாள்னு கணக்குப் போட்டிருக்கா. நான் உருகலை. பிள்ளை கொஞ்ச நேரம் நின்னுச்சு, அப்புறம் இறங்கிப் போயிருச்சு. கதவுல மருதாணி ரொம்ப நாள் இருந்துச்சு. வெயில்ல தானாப் போயிருச்சு.

காப்பி ஆறுது, குடிங்க.

இப்பத் தண்ணிக்கு வர்றேன். மறுநாள் கல்யாணம் முடிஞ்சு பொண்ணும் மாப்பிள்ளையும் இங்க வீட்டுக்கு வர்ற நேரம். வாசல்ல மாக்கோலம் போட்டிருக்கா, செம்மண் பட்டை இழுத்து, வாசல் அடைக்க. நான் ஒண்ணும் பண்ணலை தம்பி, சாமி சத்தியமா. அன்னிக்குக் கரண்டு போச்சு. இது உருகிருச்சு. தட்டு நிறைஞ்சு, வழிஞ்சு, படி வழியா இறங்கி நேராப் போயி அந்தக் கோலத்துல விழுந்துச்சு. வெள்ளையும் செவப்பும் கலந்து ஓடுது. ஆரத்தித் தட்டோட நின்னுக்கிட்டு இருந்த ஜெகதா அப்படியே தலையைத் தூக்கி மேல பாத்தா. நான் கைப்பிடிச் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவ முகத்தைப் பாத்தேன். அடடா! எத்தனையோ நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு.

ராத்திரி யோசிச்சேன். ஒருநாளோட எதுக்கு நிறுத்தணும்? போயித் தட்டைக் கழட்டுனேன்.

அதுலேர்ந்து இவ கோலம் போட, நான் அழிக்க. முதல்ல வாசலுக்கு நடுவுல போட்டா, அழிஞ்சுச்சு. தள்ளித் தெருவோரமாப் போட்டா, ரெண்டு சொம்பு சேத்து ஊத்துனேன், அங்கயும் போச்சு. கல்லுமாவுல போட்டுப் பாத்தா. ஒருநாள் பெயிண்டு வாங்கிப் போட்டா பாருங்க! அது அழியலை. ரெண்டு நாள் நான் தூங்கலை. அப்புறம் என்னாச்சு, தண்ணி நின்னு நின்னு அந்தப் பெயிண்டு மேல பாசி பிடிச்சுருச்சு. பச்சைக் கோலம்! நான் சிரிச்ச சிரிப்பு கீழ கேட்டிருக்கும்.

ஆனா ஒரு வார்த்தை கேக்கணுமே அவ! "ஏன்டி இப்படிப் பண்றே"ன்னு ஒரு வார்த்தை. கேக்க மாட்டா. அதுதான் அவ திமிரு. காலையில கோலம் போட வந்ததும் மேல பாத்து, "தனம், எந்திரிச்சிட்டியா? மாத்திரை போட்டியா?"ன்னு ஒரு குரல் குடுப்பா. தினம். ஒருநாள் தவறாது. எதுக்குன்னு நினைக்கிறீங்க? நான் செத்துட்டேனா, மாடி காலியாயிருச்சான்னு பாக்கத்தான். மிக்சியைப் போட்டு விடுவேன். அதைக் கேட்டுட்டுத்தான் உள்ள போவா.

கடைசிப் படிக்குக் கீழ ஒரு கறிவேப்பிலை நட்டிருக்கா. என் தண்ணியைக் குடிச்சே அது ஆளுயரம் வளந்துருச்சு. என் பகையில அவளுக்கு மரம்! அதுலேர்ந்து ஒடிச்சு, நான் பாலுக்குத் தூக்குவாளி விடுறப்ப வாளிக்குள்ள போட்டு அனுப்புறா. தூக்கி எறியலாம்னுதான் நினைப்பேன். கறிவேப்பிலை என்ன பாவம் பண்ணுச்சு? ரசத்துல போட்டுக்குவேன். நல்ல வாசம்.

பொங்கலுக்கு பார்த்தி ஒரு புது ஃப்ரிட்ஜைக் கொண்டாந்து இறக்கிட்டான். ரெட்டைக் கதவு. "சித்தி, பழசைக் குடுத்துட்டா விலையில கழிச்சுக்குவான். இது ஒழுகவே ஒழுகாது, அம்மாதான் எடுக்கச் சொன்னாங்க"ன்னான். கேட்டீங்களா? ஒழுகவே ஒழுகாதாம்! எவ்வளவு தந்திரம் பாருங்க. ஏத்துறதுக்கு வந்த ஆளுங்க இந்தப் படியைப் பாத்துட்டு, "பாட்டியம்மா, இதுல ஏறுனா நாங்க போயிச் சேந்துருவோம்"னாங்க. நானும் மேல இருந்து, "எடுத்துட்டுப் போங்கடா"ன்னுட்டேன். திரும்பிப் போயிருச்சு. அன்னிக்கு ஊத்துனது தனிக் கணக்கு.

என்ன கேக்குறீங்க? படி இவ்வளவு வழுக்குதே, அப்ப அவங்க எப்படி மேல வந்து கூப்பிடுவாங்கன்னா?

நல்லாருக்கே உங்க கேள்வி. வரணும்னு மனசு இருந்தா வரலாம். நீங்க வரலையா? அவளுக்கு மனசு இல்லை, அவ்வளவுதான். பாசி என்ன, அவ நினைச்சா கையூணி வரலாம், உக்காந்து உக்காந்து வரலாம். இந்தப் பங்குனியில முட்டியில ஏதோ ஆபரேசன்னு ஆஸ்பத்திரியில கிடந்தா. எல்லாம் ஊரைக் கூட்டுற வேலை. திரும்பி வந்தப்பக் கம்பை ஊணிக்கிட்டு வந்தாளாம், பூக்காரி சொன்னா. நான் பாக்கலை. இப்பல்லாம் கோலம் போட ஒரு ஆளு வருது. ஜெகதா நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு மேல பாத்துக் குரல் மட்டும் குடுக்குறா. கம்பாம், நாற்காலியாம். நம்புற ஆளு நானில்லை.

இன்னொண்ணு கேளுங்க. இளா உண்டாகியிருக்கா. அதையும் எனக்கு யாரு சொன்னது? பூக்காரி! ஏழாம் மாசம் வளைகாப்பு, மாப்பிள்ளை ஊரு கரூருல. ஜெகதா என்ன பண்ணுனா? கீழ படிக்கட்டுகிட்ட நின்னுக்கிட்டு, "தனம்! ஞாயித்துக்கிழமை இளாவுக்கு வளைகாப்புடி! வந்துருடி! நீ வந்தாத்தான் பிள்ளை சிரிப்பா!"ன்னு கத்துறா. ரேஷன் கடையில கூப்பிடுற மாதிரி. தெருவே கேக்குது. அது கூப்பிடுறதா? படியில ஒரு காலை வைக்கிறதுக்கு என்ன? நான் கதவைச் சாத்திக்கிட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை பொத்தானை ரெண்டு தடவை அமுக்குனேன். வீட்டுல ஆளே இல்லை, எல்லாரும் கரூரு போயிட்டாங்க. ஆளில்லாத வாசலுக்குத் தண்ணி போச்சு. அன்னிக்குக் கொஞ்சம் சப்புன்னுதான் இருந்துச்சு.

பாட்டி முறை தம்பி எனக்கு. அந்தப் பிள்ளை பொறந்தா நான் சின்னப் பாட்டி. அதுக்கு மருந்து அரைக்க, குளிப்பாட்ட, காலுல போட்டுத் தண்ணி ஊத்த இந்தத் தெருவுல என்னை விட்டா யாருக்குத் தெரியும்? ஜெகதாவுக்குத் தெரியாது. இளாவைக் குளிப்பாட்டுனதே நான்தான். எப்படிக் கூப்பிடாம இருக்கான்னு பாக்குறேன். பிரசவத்துக்கு இங்கதானே கூட்டிட்டு வரணும்? வரட்டும். வந்து, பிள்ளை அழுது, இவளுக்குக் கையும் ஓடாம காலும் ஓடாம, அப்ப ஏறி வருவா பாருங்க. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். அதுவரைக்கும் இது ஒழுகட்டும்.

அதனால நீங்க போயிட்டு வாங்க தம்பி. உங்க மேல எனக்குக் கோவமில்லை. இவ்வளவு தூரம் வந்ததுக்கு வேணா மோர்மிளகாய் தர்றேன்.

நேத்துலேர்ந்து கீழ ஒரே ஆர்ப்பாட்டம். சாயங்காலம் ஒரு காரு வந்து நின்னுச்சு. அவ ஆஸ்பத்திரிக்குப் போற காராத்தான் இருக்கும், முட்டியைக் காட்டப் போயிருப்பா. அதுலேர்ந்து கீழ வளையல் சத்தம். கண்ணாடி வளையல், கை நிறையப் போட்ட மாதிரி கலகலன்னு. இந்த வயசுல அவளுக்குக் கண்ணாடி வளையல் கேக்குது பாருங்க. எனக்கு மட்டும் என்ன வளையல், இந்த ரெண்டு பிளாஸ்டிக்கு. இன்னிக்குக் காலையில அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு எரிச்சலாகிப் போச்சு. பொத்தானை அமுக்கிட்டு, நாலு சொம்பு ஊத்திவிட்டேன். அதுலதான் நீங்க வழுக்குனீங்க.

கேக்குதா? அதே சத்தம். கேக்குதா தம்பி? வளையல்.

படிகிட்டயா கேக்குது? நல்லாக் கேளுங்க. ஏறுற மாதிரி இருக்கே.

வந்துட்டா! தம்பி, வந்துட்டா! நான் சொன்னேன்ல! உங்களை அனுப்பிட்டு, நான் சரி பண்ண விட மாட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டு, வேற வழியில்லாம ஏறி வர்றா பாருங்க. இருங்க, சேலையைச் சரி பண்ணிக்கிறேன். அந்தப் பாயை விரிங்க. வேண்டாம், விரிக்காதீங்க, நிக்கட்டும். கதவைத் திறந்து வெச்சா நான் காத்துக்கிட்டு இருந்த மாதிரி ஆயிரும். சாத்துங்க. தட்டட்டும். அவ கையால தட்டி, தனம்னு கூப்பிடட்டும். நான் உடனே திறக்க மாட்டேன்.

என்ன கூப்பிடுது?

சித்தின்னா கூப்பிட்டுச்சு?

தள்ளுங்க. தள்ளுங்க தம்பி!

இளா! ஏய், நில்லு! அடியே அங்கயே நில்லு, காலை எடுக்காதே! ஒரு அடி வெக்காதே! செவுத்தைப் பிடி, ரெண்டு கையாலயும் பிடி! ஐயோ முருகா, வயித்தைப் பாருங்க தம்பி, நெறமாசம், அவளுக்குக் காலே தெரியாது. அடுத்தது அந்தப் படிதான். நீங்க விழுந்தீங்களே, அந்தப் படி. கீழயும் போகாதே இளா, திரும்பாதே! அப்படியே நில்லு!

என்னடி சொல்றே? நீயா போன் பண்ணுனே? நீயா இவரை வரச் சொன்னே? சரிடி, சரி, மெக்கானிக் வந்துட்டாரு, காப்பிகூடக் குடிச்சிட்டாரு. ஐஸா? நாக்கு வறளுதா? இருக்குடி, தட்டு நிறைய இருக்கு, என்னிக்குடி இல்லாமப் போச்சு? நீ பேசாதே. பேசினா மூச்சு வாங்கும். நில்லு.

நீங்க போகாதீங்க தம்பி! நீங்க வழுக்குனா அவ மேலதான் போயி விழுவீங்க. நான் போறேன். எனக்குத்தான் இந்தப் படி தெரியும். நீங்க அந்தக் கோணியைப் போட்டுச் சமையக்கட்டு வாசல்ல அணை கட்டுங்க, ஒரு சொட்டு வெளிய வரக்கூடாது. மொட்டை மாடியில தட்டு இருக்கு, எடுத்து மாட்டுங்க. மிளகாயா? கொட்டுங்க, எங்க வேணாலும் கொட்டுங்க!

உக்காந்துதான் இறங்கணும். சிரிக்காதடி, சித்தி இப்படித்தான் இறங்குவேன். முந்தானை எதுக்கு இருக்கு, துடைச்சுக்கிட்டே வர்றேன். இந்தா, இந்தப் படி ஆச்சு. பாரு, காஞ்சுருச்சு. சேலை போனாப் போகுது. இந்தப் படியும் ஆச்சு. எவ்வளவு பாசி! கால் வைக்க இடம் இல்லையே. அழாதடி. எதுக்கு அழுவுறே? நான்தான் வந்துக்கிட்டு இருக்கேன்ல.

கீழ யாரு அது? ஜெகதாவா?

தம்பி, பாருங்க, கம்பை ஊணிக்கிட்டு நிக்கிறா. முட்டி இவ்வளவு பெருசா கட்டுப் போட்டிருக்கு. காலைத் தூக்கிப் படியில வெக்கப் பாக்குறா. முடியலை. மறுபடி தூக்குறா. ஏறாதேக்கா! ஐயோ, அந்தக் காலை வெச்சுக்கிட்டு ஏறாதேக்கா! நீயும் விழுந்து வெக்காதே, பிள்ளையை நான் பிடிச்சுக்கிறேன். அங்கயே நில்லு!

என்ன சொல்றா? பாத்து எறங்கு தனம், பாசின்னா? என் பாசியைப் பத்தி எனக்கே சொல்ல வந்துட்டா.

தம்பி! ஃப்ரீசரைத் திறந்து அந்த ஐஸ் தட்டை எடுத்து வைங்க. பிள்ளையை உக்கார வெச்சிட்டுக் குரல் குடுக்குறேன், தூக்குவாளியில வெச்சு இறக்குங்க. அந்த ரப்பரையும் மாத்திருங்க. அப்புறம் ஒண்ணு, நாளைக்கு யாராவது கேட்டா நீங்கதான் சாட்சி. அவ கூப்பிட்டு நான் இறங்கலை.

கையைக் குடு இளா.